கையால் கட்டிய கோப்ராவைக் கொடுத்து பழைய ஃபெராரி வாங்கலாமா?

நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், படிக்கிற மற்றவர்களுக்கும் புரியட்டும். ஃபேக்டரி ஃபைவ் கம்பெனியின் கிட் (வீட்டில் நாமே வண்டி கட்டிக்கொள்ள விற்கும் பாகங்களின் தொகுப்பு) வாங்கி, 1990 ஃபோர்டு மஸ்டாங் கார் ஒன்றைப் பிரித்து அதன் 5.0 லிட்டர் வி8 எஞ்சினைப் போட்டு, மூன்றரை வருடம் கேரேஜிலேயே குடியிருந்து அறுபதுகளின் கோப்ரா ரோட்ஸ்டர் (கூரையில்லாத ஸ்போர்ட்ஸ் கார்) ஒன்றின் நகலைக் கட்டியிருக்கிறீர்கள். கலிஃபோர்னியாவில் எஸ்.பி. 100 (நாமே கட்டிய வண்டிகளுக்கான மாநிலச் சட்டம்) சான்றிதழோடு, 1965 மாடல் தோற்றம் என்று பதிவாகியிருக்கிறது. இப்போது ஒருவர், தன்னுடைய 1979 ஃபெராரி 308 ஜிடிஎஸ் வண்டியைத் தருகிறேன், உங்கள் வண்டியையும் மேலே 25,000 டாலரையும் கொடுங்கள் என்கிறார். உங்கள் வண்டிக்கு அவர் போட்ட விலை 40,000. தன் வண்டிக்கு 65,000.

இந்த இரண்டு ஜாதி வண்டியும் என் கேரேஜில் இருந்திருக்கின்றன. கிட் ஒன்றை நானே கட்டினேன். அப்புறம் ஒரு 308-ஐ ஆறு வருடம் வைத்திருந்தேன். அதனால் நேராகச் சொல்கிறேன்: மாற்றலாம். ஆனால் அவர் சொன்ன மாதிரி, சொன்ன விலையில், பார்த்த மாத்திரத்தில் மாற்றாதீர்கள்.

காரணம் ஒன்றுதான். உங்கள் ரோட்ஸ்டரில் எந்த நட்டு தளர்ந்தாலும் அதை முடுக்கியது யார் என்று உங்களுக்குத் தெரியும். அந்த ஃபெராரியை நாற்பத்தைந்து வருடத்துக்கு மேலாக எத்தனையோ பேர் திறந்து மூடியிருக்கிறார்கள். அதில் நல்ல மெக்கானிக்கும் உண்டு, யூடியூப் பார்த்துக் கை வைத்தவரும் உண்டு, விற்பதற்கு முன் செலவு செய்ய மனமில்லாமல் தள்ளிப்போட்டவரும் உண்டு. அத்தனை பேர் செய்ததற்கும் செய்யாமல் விட்டதற்கும் சேர்த்துத்தான் நீங்கள் பணம் கொடுக்கப் போகிறீர்கள்.

முதலில் உங்கள் வண்டியின் விலையைப் பார்ப்போம். கட்டியவர்களுக்கு இது கசக்கும். கிட் வண்டியில் நீங்கள் போட்ட மணிநேரத்துக்குச் சந்தையில் விலை இல்லை. பார்ட்ஸுக்குப் போட்ட காசு முழுவதும் திரும்பி வருவதும் அபூர்வம். அசல் கோப்ராக்கள் எல்லாம் சேர்த்தே ஏறத்தாழ ஆயிரம்தான், அலுமினிய உடம்பு. அவற்றின் விலை வேறு உலகம். நம்முடையது ஃபைபர் உடம்பு, இரும்புக் குழாய்ச் சட்டம், மஸ்டாங் உள்ளுறுப்பு. வாங்குகிறவர் பார்ப்பது மூன்றே விஷயம்: வேலை எவ்வளவு சுத்தம், எந்த எஞ்சின், காகிதம் சரியா.

அந்தக் காகிதத்தில்தான் உங்கள் பலம் இருக்கிறது, நீங்கள் அதைக் குறைத்து எடை போட்டிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். எஸ்.பி. 100 சான்றிதழ் வருடத்துக்கு 500 வண்டிக்குத்தான் கிடைக்கும். ஜனவரி பிறந்ததும் அதற்காக டி.எம்.வி. (வண்டிப் பதிவு அலுவலகம்) வாசலில் வரிசை நின்றவர்களில் நானும் ஒருவன். அது கிடைத்தால், வண்டியின் உடம்பு எந்த வருடத்து வண்டியைப் போல இருக்கிறதோ அந்த வருடத்து மாசு விதிதான் அதற்கும் பொருந்தும். 1965 என்றால் ஸ்மாக் என்கிற புகைச் சோதனையே கிடையாது. இங்கே அந்தச் சான்றிதழ் இல்லாமல் ஏதோ பழைய டைட்டிலை (உரிமைப் பத்திரம்) ஒட்டி ஓட்டிக்கொண்டிருக்கும் கிட் வண்டிகள் உண்டு. அவற்றை வாங்கி மாட்டிக்கொண்டவர்களும் உண்டு. உங்களுடையது சுத்தமான பதிவு. பார்ட்ஸ் ரசீதுகள், கட்டும்போது எடுத்த படங்கள், கிட் கம்பெனி கொடுத்த மூலச் சான்று எல்லாம் ஒரே கோப்பில் இருந்தால், 40,000 என்பது அவர் பேரத்தைத் தொடங்கிய விலை, அவ்வளவுதான்.

இப்போது வேடிக்கையைப் பாருங்கள். கலிஃபோர்னியாவில் 1975-ம் அதற்கு முந்தைய மாடல்களுக்கும்தான் ஸ்மாக் விலக்கு. அதாவது, போன வருடம் கேரேஜில் பிறந்த உங்கள் வண்டிக்குச் சோதனை இல்லை. 1979-ல் ஃபெராரியின் ஊரான மரனெல்லோவில் பிறந்த வண்டி இரண்டு வருடத்துக்கு ஒரு முறை போய்ப் புகை காட்டியாக வேண்டும். அமெரிக்காவுக்கு வந்த 308-களில் மாசைக் குறைக்கக் காற்றுப் பம்பு போன்ற சாமான்களை மாட்டி அனுப்பினார்கள். பவர் குறைகிறது, அசிங்கமாக இருக்கிறது என்று பல ஓனர்கள் அதைக் கழற்றிப் பரணில் போட்டுவிட்டார்கள். பரணில் இருந்தால் கூடப் பரவாயில்லை, பலருக்கு அது எங்கே போனது என்றே தெரியாது. சோதனையில் குழாய்ப் புகை சுத்தமாக இருந்தாலும், சாமான் இடத்தில் இல்லையென்றால் கண்ணால் பார்த்தே ஃபெயில் போட்டுவிடுவார்கள்.

இந்த மாநிலச் சட்டப்படி விற்கிறவர்தான் செல்லுபடியாகும் ஸ்மாக் சான்றிதழ் தர வேண்டும். ஆகவே பேச்சை அங்கே ஆரம்பியுங்கள். விலையைத் தொடவே வேண்டாம். "புதுசா ஒரு ஸ்மாக் எடுத்துக் குடுங்க, அப்புறம் பேசலாம்" என்று ஒரு வரி. அதற்கு அவர் எப்படிப் பதில் சொல்கிறார் என்பதிலேயே பாதி தெரிந்துவிடும்.

சரி, வண்டிக்கு வருவோம். 308-ஐ ஃபெராரி 1975 பாரிஸ் கண்காட்சியில் காட்டியது. வடிவம் பினின்ஃபரினா டிசைன் கம்பெனியில் லியோனார்டோ ஃபியோரவந்தி செய்தது. ஆரம்பத்தில் வந்த 712 வண்டிகளுக்கு ஃபைபர் உடம்புதான்! 1977-ல்தான் இரும்புக்கு மாறினார்கள். இன்றைக்கு அந்த ஃபைபர் வண்டிகளுக்குத்தான் மவுசு. "உங்களுடையது வெறும் ஃபைபர் வண்டி" என்று அவர் விலையைக் குறைக்கப் பார்த்தால் இதைச் சொல்லுங்கள், சிரித்தாவது விடுவார். அவருடைய ஜிடிஎஸ், கூரையைக் கழற்றி சீட்டுக்குப் பின்னால் வைக்கிற மாடல். அது 1977-ல் வந்தது, எல்லாமே இரும்பு. இரும்பு என்றால் துரு.

இன்னொரு உறவும் இருக்கிறது. கோப்ராவுக்கு அடிப்படை, இங்கிலாந்தின் ஏசி கம்பெனி 1953-ல் கொண்டுவந்த ஏஸ் என்ற சின்ன ரோட்ஸ்டர். அதற்கு மூலம் ஜான் டொஜெய்ரோ கட்டிய பந்தய வண்டி. அதன் உடம்பு ஃபெராரி 166 பார்க்கெட்டாவைப் பார்த்துச் செய்தது என்பது எல்லோரும் ஒப்புக்கொண்ட விஷயம். 1962-ல் அமெரிக்கப் பந்தய வீரர் கரோல் ஷெல்பி அந்த ஏஸுக்குள் ஃபோர்டு வி8-ஐ இறக்கினார். 1965-ல் கோப்ராவிலிருந்து அவர் செய்த, கூரை போட்ட டேட்டோனா கூப்பேக்கள் ஜிடி உலகப் பட்டத்தில் ஃபெராரியையே முந்தின. ஆக, நீங்கள் நகல் எடுத்த வண்டியே ஒரு இத்தாலிய வண்டியின் சாயலில் வந்ததுதான். நீங்கள் இத்தாலிக்குப் போகவில்லை, பாட்டி வீட்டுக்குப் போகிறீர்கள்.

308-ன் எஞ்சின் 2926 சிசி, வி8, சீட்டுக்குப் பின்னால் குறுக்காகப் படுத்திருக்கும். 1979 வண்டியென்றால் நான்கு வெபர் கார்புரேட்டர், ஒவ்வொன்றுக்கும் இரண்டு வாய். இது முக்கியம். 1980-லிருந்து மாசு விதிக்காக ஃபியூயல் இன்ஜெக்ஷன் போட்டார்கள், பவர் குறைந்தது. 1982-ல் சிலிண்டருக்கு நான்கு வால்வு வந்த பிறகுதான் கொஞ்சம் மீண்டது. அதனால் கார்புரேட்டர் வண்டிக்கு ரசிகர்கள் அதிகம். முதுகுக்குப் பின்னால் எட்டு வாய் காற்றை உறிஞ்சும் சத்தத்துக்காகவே வாங்குகிறவர்கள் உண்டு, நானும் அப்படித்தான் விழுந்தேன்.

ஆனால் வேகத்துக்காக வாங்காதீர்கள். ஐரோப்பிய மாடலுக்கே 255 குதிரைத்திறன் என்றுதான் கம்பெனி சொன்னது, அமெரிக்க வண்டிக்கு அதைவிடக் குறைவு. உங்கள் ரோட்ஸ்டர் ஒரு டன்னைச் சுற்றி இருக்கும்; இது அதைவிட முந்நூறு, நானூறு கிலோ அதிகம். சிக்னலில் பக்கத்தில் நின்றால் நீங்கள் கட்டிய வண்டிதான் முன்னால் போகும். வண்டியை மாற்றிக்கொண்ட மறுவாரமே அந்த மனிதர் உங்கள் பழைய வண்டியில் உங்களை முந்திக்கொண்டு போவார். அதைத் தாங்கிக்கொள்ள முடியுமா என்று இப்போதே யோசித்துக்கொள்ளுங்கள்.

பார்க்கப் போகும்போது எஞ்சின் குளிர்ந்திருக்க வேண்டும். காலையில் வருகிறேன், அதுவரை ஸ்டார்ட் செய்யாதீர்கள் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். போனதும் எஞ்சின் மூடியில் கையை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால் ஏதோ ஒன்றை மறைக்கிறார். ஸ்டார்ட் ஆகி எட்டு சிலிண்டரும் ஒன்று சேர ஒரு நிமிஷம், இரண்டு நிமிஷம் எடுத்துக்கொள்ளும், அது இயல்பு. முதல் கியர் இடது பக்கம் கீழே இருக்கும், பழக வேண்டும். கியர் ஆயில் சூடாகும்வரை இரண்டாவது கியர் விழாது, முரண்டு பிடிக்கும். ஒன்றிலிருந்து நேராக மூன்றுக்குப் போவதுதான் பழக்கமான ஓனர்கள் செய்வது. பத்துப் பதினைந்து நிமிஷம் ஓடிய பிறகும் இரண்டாவது கடகடத்தால்தான் கவலை. சூடான பிறகு, அந்த இரும்புத் தகட்டு வெட்டுக்குள் கியர்க் கம்பி 'டிக்' என்று விழும் பாருங்கள், அந்தச் சத்தத்தில் புத்தி மயங்கும். விலை பேசுகிற வேலையை அன்றைக்கு வைத்துக்கொள்ளாமல் வீட்டுக்கு வந்துவிடுங்கள்.

எல்லாவற்றிலும் பெரிய விஷயம் டைமிங் பெல்ட், அதாவது வால்வுகளைப் பிஸ்டனோடு தாளம் தப்பாமல் இயக்கும் பட்டை. இந்த எஞ்சினில் இரண்டு ரப்பர் பெல்ட். அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதி எஞ்சின் காலி. எத்தனை மைல் ஓடியது என்பதைவிட எத்தனை வருடம் ஆனது என்பதுதான் கணக்கு. மூன்றிலிருந்து ஐந்து வருடத்துக்குள் மாற்றிவிடுவார்கள். "நான் வாங்கினதிலிருந்து ஐந்நூறு மைல்கூட ஓடலைங்க" என்று பெருமையாகச் சொல்வார்கள். ஓடாமல் நின்ற பெல்ட்டும் காயும். பெல்ட்டோடு, அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் பேரிங், சீல்கள், தேவைப்பட்டால் வாட்டர் பம்பு, வால்வு இடைவெளி சரிபார்ப்பு எல்லாம் சேர்ந்தால் ஆயிரக்கணக்கில் டாலர் போகும். ஒரு நல்ல செய்தி, பின்னால் வந்த சில ஃபெராரிகளைப் போல இதில் எஞ்சினை வெளியே இறக்க வேண்டியதில்லை. வலது பின்சக்கரத்தைக் கழற்றி அந்தக் குழிக்குள் தலையை விட்டுச் செய்துவிடலாம். ஒரு முழு வண்டியைக் கட்டிய உங்களுக்கு அது முடியாத வேலை இல்லை, இடம் நெருக்கடி, அவ்வளவுதான்.

என் 308-ஐ வாங்கும்போது முந்தின ஓனர் பெல்ட் மாற்றியாயிற்று என்று ஒரு பட்டறையின் பில்லைக் காட்டினார். நம்பினேன். இரண்டு மாதம் கழித்து மூடியைக் கழற்றிப் பார்த்தால், பெல்ட் புதுசுதான், டென்ஷனர் பேரிங் இரண்டும் ஆதி காலத்தவை, கையால் சுற்றினால் மணல் அரைக்கிற மாதிரி கரகரவென்றது. பில்லைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். பெல்ட் என்று மட்டும்தான் இருந்தது, பேரிங் என்று ஒரு வார்த்தை இல்லை. அன்றிலிருந்து பில்லில் எழுதியதைவிட எழுதாததைத்தான் முதலில் படிக்கிறேன்.

அடுத்தது பெட்ரோல் குழாய்கள். இன்றைய பெட்ரோலில் பத்து சதவீதம் எத்தனால் இருக்கிறது, பழைய ரப்பரை அது அரித்துவிடும். கார்புரேட்டரில் கசிந்தால் கீழே சூடான எக்ஸாஸ்ட். பழைய இத்தாலிய வண்டிகள் எரிவதற்கு மர்மமான காரணம் எதுவும் வேண்டாம், இது போதும். குழாய்கள் புதுசு என்று தெரியாவிட்டால் முதல் வாரமே மாற்றிவிடுங்கள், தீயணைப்பு சிலிண்டர் ஒன்றைச் சீட்டுக்கு அருகில் வையுங்கள்.

ஃப்யூஸ் பெட்டி இந்த வண்டியின் பிறவி வியாதி. சூடாகி உருகும். ஒரு இரவு நெடுஞ்சாலையில் என் வண்டியின் விளக்கு இரண்டும் பட்டென்று போய்விட்டன, பிளாஸ்டிக் தீய்ந்த வாடை. ஓரங்கட்டிப் பார்த்தால் ஃப்யூஸ் பலகையில் ஒரு மூலை பழுப்பாக உருகி வழிந்திருந்தது. மாற்றுப் பலகை கிடைக்கிறது, மாற்றியாயிற்றா என்று கேளுங்கள்.

துருவுக்குக் கதவின் அடிப்பக்கம், சக்கர வளைவுகள், முன் ஃபெண்டரின் கீழ்ப்பகுதி எல்லாவற்றையும் பாருங்கள். சின்னக் காந்தத்தில் துணி சுற்றி எடுத்துப் போங்கள். காந்தம் ஒட்டாத இடத்தில் பட்டி பார்த்து பெயின்ட் அடித்திருக்கிறார்கள் என்று அர்த்தம். பளபளவென்ற சிவப்பைப் பார்த்து ஏமாறாதீர்கள்.

இதையெல்லாம் நீங்கள் பார்ப்பது ஒரு பக்கம். அதற்கு மேல், அவருக்குச் சம்பந்தமில்லாத, பழைய ஃபெராரியில் கை பழகிய ஒரு மெக்கானிக்கிடம் உங்கள் செலவில் சோதனை செய்யுங்கள். கம்ப்ரெஷன் சோதனையோடு லீக்-டவுன் சோதனையும் கேளுங்கள். ஒவ்வொரு சிலிண்டராகக் காற்றை அடைத்து எவ்வளவு கசிகிறது, எந்தப் பக்கம் கசிகிறது என்று பார்ப்பது. எட்டும் ஏறக்குறைய ஒன்றுபோல இருக்க வேண்டும். ஒன்று மட்டும் தள்ளி நின்றால் அதற்கு விலை உண்டு, அந்த விலை அவருடையது. அவர் சோதனைக்கு ஒத்துக்கொள்ளவில்லையென்றால் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள். அதே போல உங்கள் வண்டியையும் லிஃப்டில் ஏற்றிக் காட்டத் தயாராக இருங்கள். வெல்டிங், பிரேக் குழாய், வயரிங் எல்லாம் அவர் பார்க்கட்டும். சைடு பைப்பில் (பக்கவாட்டுப் புகைக்குழாய்) காலைச் சுட்டுக்கொள்ளாமல் இறங்குவது எப்படி என்றும் சொல்லிக்கொடுங்கள். அந்தச் சூட்டுக்குப் பாம்புக்கடி என்றே பெயர். என் கெண்டைக்காலில் இன்னும் தழும்பு இருக்கிறது.

ஃபெராரியின் காகிதங்களுக்கும் விலை உண்டு. கையேடு வைத்த தோல் பை, டூல் கிட், தொடர்ச்சியான சர்வீஸ் பில்கள், வண்டியின் சேஸிஸில் பொறித்த எண்ணும் எஞ்சின் எண்ணும் ஆவணத்தோடு பொருந்துவது. தொலைந்த டூல் கிட்டைத் திரும்பச் சேர்க்கப் போனவருக்குத்தான் அதன் விலை தெரியும். மீட்டர் காட்டும் மைலை பில்களில் உள்ள மைலோடு ஒப்பிடுங்கள். நடுவில் பத்து வருடம் பில்லே இல்லையென்றால் அந்தப் பத்து வருடம் வண்டி என்ன செய்தது என்று கேட்க வேண்டியது உங்கள் உரிமை.

பணக் கணக்கு. வண்டிக்கு வண்டி மாற்றினாலும் கலிஃபோர்னியா அதை இரண்டு விற்பனையாகத்தான் பார்க்கும். நீங்கள் கொடுக்கும் 25,000-க்கு மட்டும் வரி என்று நினைக்காதீர்கள். கொடுக்கிற வண்டியின் மதிப்பும் விலையில் சேரும். 65,000-க்கு மாநிலத்தின் அடிப்படை விகிதம் 7.25 சதவீதம் என்றாலே 4,712 டாலர் ஐம்பது சென்ட், பல ஊர்களில் அதற்கு மேல். அவரும் உங்கள் வண்டிக்குக் கட்ட வேண்டும். ஆளுக்கொரு விற்பனைப் பத்திரம், இரண்டிலும் உண்மையான விலை, வித்தியாசத்துக்கு வங்கிக் காசோலை. இருவர் டைட்டிலிலும் கடன் பாக்கி இல்லை என்று பார்த்துவிட்டு ஒரே நாளில் கையெழுத்துப் போடுங்கள். குறைத்து எழுதலாம் என்று அவர் சொன்னால் வேண்டாம். அந்தப் பத்திரம்தான் நாளைக்கு இன்சூரன்ஸுக்கும் ஆதாரம். இன்சூரன்ஸ், மதிப்பை முன்கூட்டியே ஒப்புக்கொள்ளும் பாலிசியாக எடுங்கள்.

உண்மையில் எனக்குப் பிடித்த வழி வேறு. உங்கள் வண்டியைத் தனியாக விற்றுவிட்டு, கையில் பணத்தோடு 308 தேடுங்கள். மாற்றிக்கொள்ளும்போது இரண்டு பக்க விலையும் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும், எங்கே இழந்தோம் என்றே தெரியாது. பணத்தோடு போனால் பத்து வண்டி பார்க்கலாம். மாற்றப் போனால் இந்த ஒரு வண்டிதான். ஆனால் கிட் வண்டி விற்க மாதக்கணக்கில் ஆகலாம், 'ஒரு ரவுண்டு போய்ப் பார்க்கலாமா' என்று வருகிறவர்களே அதிகம். அந்தத் தொல்லை வேண்டாம் என்றால், மாற்றுவதில் தப்பில்லை.

ஸ்மாக் தலைவலி இல்லாத இத்தாலி வேண்டுமென்றால் 1971-லிருந்து 74 வரை இங்கே விற்ற டி டோமாசோ பன்டேராவைப் பாருங்கள். உடம்பு இத்தாலி, எஞ்சின் ஃபோர்டு 351 கிளீவ்லண்ட் வி8. உங்கள் கை பழகிய ஊர் எஞ்சின், பார்ட்ஸ் சுலபம். துருவும் சூடேறுதலும் அதற்கும் உண்டு. செலவு குறைவாக வேண்டுமென்றால் 75-க்கு முந்தைய ஆல்ஃபா ரோமியோ ஸ்பைடர். அதை வாங்கினால் மிச்சப் பணத்தில் கோப்ராவையும் வைத்துக்கொள்ளலாம். இதை என் வீட்டில் சொன்னபோது யாரும் ஒத்துக்கொள்ளவில்லை, உங்கள் வீட்டில் எப்படியோ.

யானையை வாங்குவது சுலபம், தீனிதான் கஷ்டம் என்பார்கள். வருடத்துக்குச் சில ஆயிரம் டாலர் ஒதுக்க முடியாவிட்டால் 308 பக்கம் போகாதீர்கள். முடியும் என்றால், அவருக்கு நான் சொல்லும் எதிர்விலை இது: ஸ்மாக் சான்றிதழும் லீக்-டவுன் முடிவும் கையில் வந்த பிறகு, உங்கள் வண்டி, மேலே 18,000. பெல்ட் வேலை பேரிங்கோடு சமீபத்தில் நடந்ததற்கு பில் இருந்தால் 22,000 வரை போகலாம். அவர் சர்வீஸ் கோப்பைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள், எனக்கும் ஒரு பிரதி தட்டிவிடுங்கள். பேரிங் வரியைத் தேடிப் பார்த்துச் சொல்கிறேன்.